ராயபுரம் அணிக்கு ஒரு செர்பியன்

அன்புள்ள அண்ணா,

இத்தாலியில் இரண்டாம் பிரிவு லீக்கில், பாதி ஆட்டங்களுக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவனை உலகத்திலேயே பெரிய வாலிபால் ஆட்டக்காரன் என்று ராயபுரம் முழுக்க ஏன் சொல்லிவைத்தாய்? நீ போய் இரண்டு மாதமாகியும் அதற்கான விசாரணை என் வாசலில்தான் நடக்கிறது.

தொடக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஏதோ வழக்கில் சிக்கி நம் துறைமுகத்தில் நின்றுபோன கப்பலில் மிலோஷ் ஒரு சின்ன மாலுமி. செர்பியாவில் அவனுடைய கிளப் சம்பளம் தராமல் கைவிரித்ததால் பந்தை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவன். கப்பல் தளத்தில் அவன் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருந்ததை, துறைமுகத்தில் நீ ஓட்டிய கிரேனிலிருந்து பார்த்திருக்கிறாய். அடுத்த ஞாயிறு அவன் நம் வீட்டில் வஞ்சிரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், நிலைப்படியில் இடித்துக்கொண்ட நெற்றி வீக்கத்தோடு. கப்பலை விடுவிக்கும்வரை உன் அணிக்கு ஆடினான். அந்த வருஷம் கோப்பை நமக்கு. சரி.

அதோடு விட்டாயா? அவன் திரும்பிப் போய் கிரீஸ், துருக்கி, இத்தாலி என்று கிளப் மாறியபோதெல்லாம் என்னை பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போனாய். வாரம் முழுக்கக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை, பாதியில் முறிந்த ஒப்பந்தம், மறுபடியும் பெஞ்ச். படித்துப் படித்துச் சொன்னேன். "அவன கடசி செட்டுக்கு வச்சிகினு கீறாங்க, உனக்கு இன்னா தெரியும்" என்பாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் சும்மா இருந்தாயா? மாதா கோயில் திருவிழா மேட்சுக்கு மிலோஷ் வருகிறான் என்று பையன்களிடம் சொல்லிவிட்டாய். அவர்களும் அணிக்கு ஒருவர் என்று அனுமதிக்கும் வெளியாள் இடத்துக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். வழக்கம் உனக்குத் தெரியாததா? பெயர் கொடுத்த வெளியாள் வராவிட்டால் ஆறுக்குப் பதில் ஐந்து பேரோடுதான் ஆட வேண்டும். மாற்றுவதானால் முந்தின நாள் மாலைக்குள் மாற்ற வேண்டும்.

நான் மிலோஷுக்கு மூன்று முறை மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. அவன் ஆடுவதையே நிறுத்திவிட்டான் என்று இணையத்தில் எங்கோ ஒரு வரி மட்டும் கிடைத்தது. காசிமேடு அணியின் கேப்டன் தனசேகர் மீன் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "இன்னா டீச்சர், உங்க வெள்ளக்காரரு எப்ப வராரு? எங்க போட்டு ஒண்ண அனுப்பி இட்டாரச் சொல்லட்டா?" என்றார். சுற்றிலும் சிரிப்பு.

இன்று மதியம் ஜோசப் வந்தான். உனக்குப் பிறகு அவன்தான் கேப்டன். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

"நீ ஒரு வார்த்த சொல்லுக்கா. பேர மாத்திடறோம்."

"வரமாட்டான் ஜோசப். மாத்திடு."

"அப்ப அண்ணன் சாவப்போற நேரத்துல எங்கள ஏமாத்திட்டாரா?"

எத்தனையோ மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் நான். இதற்கு மட்டும், "எனக்குத் தெரியாது" என்றேன். நீ ஏமாற்றவில்லை என்பதற்கு அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயரை மாற்றவில்லை. நாளை உன் அணியைப் பார்த்து ஊர் சிரிக்கும். உனக்கென்ன, நீ நிம்மதியாகப் படுத்திருக்கிறாய்.

மறுநாள் எழுதுகிறேன். மிலோஷ் வரவில்லை. நம் பையன்கள் காசிமேட்டுக்கு எதிராக ஐந்து பேராக இறங்கினார்கள். கூட்டம் ஊளையிட்டது. தனசேகர் நம் பையன்களை எண்ணிப் பார்த்தார். பிறகு தன் ஆட்களில் ஒருவனை வெளியே போகச் சொன்னார். நடுவர் ஏன் என்று கேட்டதற்கு, "அண்ணன் டீம் சார் அது. அஞ்சுக்கு அஞ்சு ஆடிக்கிறோம்" என்றார்.

அப்படியும் நேர் செட்டில் தோற்றோம். அடுத்த திருவிழாவுக்குப் பெயர் கொடுக்க நானே கூடப் போவேன். பக்கத்துத் திருவொற்றியூரைத் தாண்டி எவன் பெயரையும் எழுத விடமாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

உன்னோடு சண்டை தீராத தங்கை,
ஸ்டெல்லா