எவள் கழுத்தில் கிடந்ததோ

மே 2004, ஞாயிறு இரவு

திண்டிவனத்தில் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை; மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பாண்டிச்சேரி கடையில் நான் கோக்கும் பழைய ஆப்பிரிக்கக் கண்ணாடி மணிகளில் நல்லதாகப் பொறுக்கி, அவளுக்கென்று ஒரு மாலை கோத்துக் கொண்டுபோனேன். குழந்தை ஆசையாகக் கையை நீட்டியது. அதற்குள் அண்ணி அதை இரண்டு விரலால் தூக்கினாள்.

“பழைய மணியா? எவ செத்து எவ கழுத்துல கெடந்ததோ! தீட்டு. எடுத்துக்கினு போ.”

பூசை பார்த்துவிட்டு வந்த வாய்! சொல்லும்போதே அவள் கழுத்தில் என் அம்மாவின் சங்கிலி மின்னியது. சவப்பெட்டியை மூடும் முன்பு, “மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்குத் தங்கம்?” என்று அவளே கழற்றிய சங்கிலி. கல்லறையிலிருந்து திரும்பியதும் போட்டுக்கொண்டாள். கழுவக்கூட இல்லை.