முட்டையிடம் வாங்கிய அடி

அக்டோபர் 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதித் தொலைக்கிறேன். இன்று என்னை ஒரு முட்டை அடித்துவிட்டது. எனக்கு வயது ஐம்பத்து மூன்று, எடை எண்பதுக்கு மேல். எதிராளி நேற்றைய குழம்பில் மிஞ்சிய ஒற்றை முட்டை. வெந்தது, உரித்தது, ஒரு வம்புக்கும் போகாதது.

நடந்தது இவ்வளவுதான். வேலைக்குப் போகும் என் பெண்சாதி சாந்தியை விடிகாலைப் பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். பசி. புது மைக்ரோவேவில் முட்டையை வைத்து, ஏதோ பட்டனை அழுத்தி, எடுத்து, நின்றபடியே கடித்தேன். டமார். மஞ்சள் கரு கொதிக்கக் கொதிக்க உதட்டிலும் கன்னத்திலும். பின்னால் துள்ளியதில் ஷெல்ஃப் முனை புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள். காதில் ரொம்ப நேரம் ங்ங்ங். வெள்ளைக் கரு சீலிங் ஃபேனில்.

கண்ணாடியில் பார்த்தேன். உதடு இட்லி, கன்னம் தக்காளி. நாலு பேர் பிடித்துக்கொள்ள ஐந்தாவது ஆள் நிதானமாக அடித்த மூஞ்சி.

அந்த மிஷினுக்கு நான் செய்த மரியாதை கொஞ்சமா? போன வாரம் ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் முதல் விபூதிப் பட்டை. கதவின் மேல், நெற்றி மாதிரி இருந்த இடத்தில், சாமி படத்துக்குக்கூட வைக்காத அகலத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். எலுமிச்சம்பழம் வேறு. பதிலுக்கு இது. ஒரு எச்சரிக்கை? ஒரு வார்த்தை? கடையில் டிஸ்ப்ளேவுக்கு வைத்திருந்த பீஸ், புத்தகம்கூடக் கொடுக்கவில்லை. கம்பெனிக்காரனைக் கோர்ட்டில் ஏற்ற வேண்டும்.

சாயந்திரம் சாந்தி வந்து பார்த்துப் பதறினாள். "தெரியாத மிஷின்ல கை வெக்காதீங்க" என்று அவள் சொன்னபோது, சுரங்க ஊரில் பிறந்தவனுக்கா மிஷின் சொல்லித் தருகிறாய் என்று லெக்சர் கொடுத்தவன் நான். எந்த வாயால் முட்டை என்று சொல்வது? ஸ்டேஷன் சந்தில் எவனோ அடித்துவிட்டான், இருட்டு, மூஞ்சி தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கு: தீப்புண் களிம்பு. ஃபேன் இறக்கை துடைக்க (சா. பார்ப்பதற்குள்).

அக்டோபர் 8, புதன்

தூறல் விட்டது. வெயில் இல்லை.

டீக்கடையில் எனக்கு ராஜ வரவேற்பு. பெஞ்சில் இடம் விட்டார்கள். டீ ஆறும்வரை கதை கேட்டார்கள். எத்தனை பேர், இன்னாத்தால அடிச்சான், நீ திருப்பி ஒண்ணு குடுத்தியா. நானும் ஒன்று கொடுத்ததாகச் சொன்னேன். கொஞ்சம் ஆசைதான்.

அப்புறம் கடையே கூடிக் கணக்குப் போட்டது. ஊரில் என் வாயை உடைக்க யாருக்குக் காரணம் உண்டு? ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டர் ஸ்டாண்டு வைத்திருக்கும் மணிக்கு. அவன் மீசைக்குச் சாயம் பூசுகிறவன். மழையில் சாயம் தாடைக்கு இறங்க, அது தெரியாமல் அவன் டோக்கன் கிழிப்பதை நான் இதே பெஞ்சில் நடித்துக் காட்டுவது வழக்கம். போன மாதம் பின்னால் நின்று பார்த்துவிட்டான். "ஒரு நாளு உன் வாய ஒடைக்கிறனா இல்லியா பாரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். இப்போது வாய் உடைந்திருக்கிறது. முடிந்தது கணக்கு.

நான் மணி பேரைச் சொல்லவில்லை. மணி இல்லை என்றும் சொல்லவில்லை. உதடு எரிகிற மாதிரி டீயை உறிஞ்சினேன். அவ்வளவு அயோக்கியத்தனம் போதுமானதாக இருந்தது.

மதியம் மிஷினோடு மறுபடி சண்டை. பார்சல் பிரியாணியை வெள்ளித்தாளோடு உள்ளே வைத்தேன். மின்னல். நீல மின்னல், படபடவென்று. பிளக்கைப் பிடுங்கினேன். பிரியாணி ஜில்லென்றே இருந்தது. எவர்சில்வர் தம்ளரும் அப்படித்தான் செய்யும் போல. அதையும் சோதித்துப் பார்க்க எனக்கு இன்னொரு புருவம்தான் மிச்சம்.

அக்டோபர் 9, வியாழன்

எழுத்து கோணல்.

துரை அண்ணன் மணியை அடித்துவிட்டார். கடப்பாரையால்.

அண்ணன் என் கூடப் பிறந்தவர். அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். நந்திதுர்க் மைனில் வெடி வைக்கிற வேலை, மூடுகிற வரைக்கும். என்னோடு பேசி வருஷக்கணக்காகிறது. அவர் மகள் கல்யாணத்தில் மைக் பிடித்து அவர் நடையை நடித்துக் காட்டினேன். சம்பந்தி வீடு சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு நான் செத்தவன். தண்ணீர் டேங்க் தகராறுக்குக்கூட அண்ணியைத்தான் தூது அனுப்புவார்.

காலையில் எவனோ அவரிடம் மணி பேரைச் சொல்லியிருக்கிறான். நேராக ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். மணி டோக்கன் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தானாம். "என் தம்பி வாயயா?" அவ்வளவுதான் கேட்டாராம். பதிலுக்கு நிற்கவில்லை. முதல் அடி முன்கையில். பார்த்தவன் என்னிடம் வந்து ருசித்துச் சொன்னான், காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தமாம். ரெண்டாவது மண்டைக்கு. ரத்தத்தில் மணி வழுக்கி விழுந்ததால் கடப்பாரை பக்கத்து ஸ்கூட்டரின் ஹெட்லைட்டில் இறங்கியது. வழுக்காமல் நின்றிருந்தால் இந்நேரம் பிணம்.

எலும்பு ரெண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போலீசுக்குப் போகவில்லை. அதுதான் பயம். போகாதவன் வேறு எதற்கோ காத்திருக்கிறான்.

அண்ணன் திரும்பி வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடப்பாரையைக் குழாயடியில் கழுவினார். நிதானமாக, முனையிலிருந்து பிடிவரை. என் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு வாசலைத் திறந்தால் படியில் ஒரு பை. பாலும் பன்னும். கடிக்க முடியாத வாய்க்கு.

பன்னைச் சாப்பிடவில்லை. எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பூதிகோட்டையிலிருந்து மணியின் மச்சான் நாகராஜ் வந்துவிட்டான். கோணிச் சாக்கில் சுற்றிய அரிவாள். சுற்றியிருந்தாலும் வளைவு தெரிகிறது. அண்ணன் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "கைக்குக் கை. ஞாயித்துக்கெயம சாயந்தரம் வரிக்கும் டைம். ஓடிப்போனா ஊட்ல யாரு இருக்காங்களோ அவங்க கை."

ஓடுகிற ஆள் இல்லை அண்ணன். அண்ணி என்ன செய்வாள்?

லீவு போட்டிருந்த சாந்தியிடம் உண்மையைச் சொன்னேன். முட்டை என்று ஆரம்பித்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஃபேனைப் பார்த்தாள். ஒரு இறக்கையில் இன்னும் ஒட்டியிருந்தது. சிரிப்பு நின்றது. "உங்க அண்ணன் கை போப்போவுதுங்க" என்றாள்.

அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. வெளியிலிருந்தே கத்திச் சொன்னேன். உள்ளே அண்ணியிடம் அவர் சொன்னது கேட்டது: அரிவாளைப் பார்த்துப் பயந்து உளறுகிறானாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டு, வழுக்கி விழுந்ததில் தலையில் தையல், சாயம் வெளுத்த மீசை. முதல் தடவையாக அந்த மீசை எனக்குச் சிரிப்பாக இல்லை. உண்மையைச் சொன்னேன். அவன் கண்ணில் தண்ணீர்.

"முட்டையா? கைய ஒடைச்சது பத்தலியா, இத்த வெச்சி வேற ஊர சிரிக்க வெக்கணுமா?"

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. முப்பது வருஷமாக இந்த ஊரைச் சிரிக்க வைத்த கூலி இது. நான் உண்மை பேசினால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தேடுகிறார்கள்.

சாந்தி மணியின் பெண்சாதியைப் பார்க்கப் போனாள். ஞாயிறு மதியம் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், கண் முன்னால் வெடித்துக் காட்டுகிறோம், வெடிக்காவிட்டால் உங்கள் இஷ்டம் என்று பேசி முடித்துவிட்டு வந்தாள்.

வாங்க: முட்டை மூன்று. பெரியது.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில் அடித்தது, ஒரு வாரத்தில் முதல் தடவை. வாய் எரிகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

வந்தவர்கள்: மணி, கை தூளியில். நாகராஜ். அண்ணன், அண்ணி. அரிவாளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சாந்தி தடுத்தாள். செருப்பு விடும் இடத்தில், செருப்புகளோடு செருப்பாக வைத்தான். சாக்கு சுற்றவில்லை.

முதல் முட்டை, பச்சை, ஓட்டோடு. தட்டு சுற்றியது. உர்ர்ர். ஐந்து ஜோடிக் கண்கள், கோயில் கருவறையைப் பார்க்கிற மாதிரி. டொம். கதவு தானாகத் திறந்தது. ஓடு, சளி, ஆவி. அண்ணி அலறினாள். நாகராஜ் அசையவில்லை. அவனுக்கு எல்லாரும் 'குரு'தான். "பொட்டிக்குள்ள வெடிச்சது சரி குரு. வெளிய வந்து வாயில எப்டி வெடிக்கும்?"

நியாயமான கேள்வி.

ரெண்டாவது, வெந்து உரித்தது. வைத்தேன், நிறுத்தினேன். சத்தமில்லை. எடுக்கப் போன என் கையை அண்ணன் தட்டிவிட்டார். என்னிடம் பேசவில்லை, சாந்தியிடம் சொன்னார். "மிஸ்ஃபயரும்மா. வெடிக்காத குழிகிட்ட ஒடனே போவக்கூடாது. எல்லாரும் வெளிய வாங்க." சுரங்கத்தில் அதுதான் சட்டம். வெடிக்காத வெடி ஆறும்வரை ஆள் அண்டக்கூடாது. அத்தனை பேரையும் வாசலுக்கு ஓட்டினார், நாகராஜையும். அவனும் போனான். அந்தக் குரலுக்கு யாரும் போவார்கள். மைனில் எத்தனையோ உயிரைக் காத்த சட்டம்.

முட்டையை ஆறவைத்துவிட்டது.

திரும்பி வந்து கத்தியால் குத்தினேன். சும்மா பிளந்தது. உள்ளே சாதுவான மஞ்சள் கரு. நாகராஜ் அதை எடுத்துத் தின்றான். உப்புக்கூடக் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்தான். அண்ணன் எதிர்க்கவில்லை. வாசல் பக்கம் ரெண்டு அடி போய்விட்டார்கள். அண்ணி அண்ணன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் இழுபடுகிறாள். செருப்புகளின் பக்கம் வெயில்பட்டு அரிவாள் மின்னியது.

வேகவைத்து உரித்திருந்த மூன்றாவது முட்டையை உள்ளே போட்டேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கதவைத் திறந்தேன். உள்ளங்கை வெந்தது. ஆற விடவில்லை. வாசலுக்கு ஓடினேன். "நாகராஜு, இங்க பாரு" என்றேன்.

கடித்தேன்.

டமார். போன வெடிக்கு இந்த வெடி அண்ணன். உதடு ஆறின இடத்திலேயே மறுபடி கிழிந்தது. முன்பல்லில் பாதி எங்கேயோ போனது. கொதிக்கிற மஞ்சள் கரு நாகராஜின் சட்டையில், அண்ணன் கழுத்தில், நிலைப்படியில். கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். வாயிலிருந்து ரத்தமும் முட்டையும் சேர்ந்து ஒழுகியது.

முதலில் சிரித்தது மணி. ஹி ஹி என்று ஆரம்பித்து, கை வலித்து, அம்மா என்று முனகி, மறுபடி சிரித்தான். "சிரிக்காத மாமா, கட்டு வுட்டுடும்" என்று சொன்ன நாகராஜுக்கே சட்டையைத் துடைக்கத் துடைக்கச் சிரிப்பு.

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தினார். ஓங்கி ஒரு அறை, முட்டை படாத கன்னத்தில்.

"இதுக்காடா ஒரு மனுசன் கைய ஒடைச்சேன்?"

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

பிறகு அவரே குனிந்து அரிவாளை எடுத்து மணியின் இடது கையில் கொடுத்தார். வலது கையைப் படியில் நீட்டி வைத்தார். "அட்சது நானு. எட்த்துக்க" என்றார். விளையாட்டில்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். மணி அரிவாளைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

"இத்த எடுத்துக்கினா என் ஸ்டாண்டுல டோக்கன் எவன் கிழிப்பான்? நாளைலருந்து நீதான் ஃபஸ்ட் ஷிஃப்டு." என் பக்கம் திரும்பினான். "செகண்டு ஷிஃப்டு இவன். வாயத் தொறக்கக் கூடாது."

அக்டோபர் 15, புதன்

பனி. ஸ்டாண்டில் மூன்றாம் நாள். அண்ணன் ஷிஃப்டு முடிந்து சாவியைக் கையில் கொடுக்கிறார். "நாலாவது வரிசையில பஞ்சர் வண்டி ஒண்ணு கீது." இன்றைய பேச்சு இவ்வளவுதான். நேற்று இதைவிடக் குறைவு. மணி நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறான். மீசைக்குப் புதுச் சாயம். நான் பார்க்கவில்லை.

டாக்டர் அந்தப் பல்லைப் பிடுங்கச் சொன்னார்.

சாந்தி கட்டளைப்படி எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியது:
முட்டை, எந்த ரூபத்திலும், கூடாது.
கத்தரிக்காய், உருளைக்கிழங்கு: முள்கரண்டியால் நாலு குத்து குத்திவிட்டு.
வெள்ளித்தாள், எவர்சில்வர்: மின்னல்.
டப்பா மூடியை இறுக்காதே, ஓரம் திறந்திருக்கட்டும்.
தண்ணீர் கொதிக்காத மாதிரி இருந்தாலும் நம்பாதே, டீத்தூள் போட்டதும் மேலே பாயும்.
குழம்பை நடுவில் நிறுத்திக் கிளறு.
கடைசி வரி அவள் கையெழுத்து: இவரைத் தனியாக விடாதே.

"இதெல்லாம் மிஷின்மேலயே போட்டிருந்தா ஒருத்தன் கை முறிஞ்சிருக்குமா" என்று இன்று ஸ்டாண்டில் நாலு பேரிடம் அண்ணன் எனக்காக வாதாடியிருக்கிறார். கம்பெனிக்காரன்மேல் கேஸ் போடத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறாராம்.

சாயந்திரம் மிஷினைத் துடைத்தேன். காய்ந்த மஞ்சள் கருவைச் சுரண்டும்போது பூஜைச் சந்தனமும் பெயர்ந்து வந்தது. சந்தனத்துக்கு அடியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். எழுத்து ஒன்றும் இல்லை, படம்தான். ஒரு முட்டை. குறுக்கே சிவப்புக் கோடு.

சாந்தி ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. சந்தனம் குழைத்து அதே இடத்தில் அகலமாக வைத்தேன்.