நூராயிம் முதலில் எழுதிய கடிதம்

பிப்ரவரி 14, செவ்வாய்

நான் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவராகி இன்றோடு நான்கு மாதம். காலை ஐந்து நிமிடக் கூட்டம் வழக்கம்போல் ஐம்பது நிமிடம் இழுத்தது. டாக்டர் நூராயிமை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். நேற்று ஒரு குழந்தைக்கு லேசான வாந்தி, அதற்கு எனக்கு மூன்று முறை போன் செய்தாள்.

"ஆறு வருஷம் படிச்சது என்னைக் கூப்பிட்டுக் கேக்கவா? வெள்ளைக் கோட்டு எதுக்கு, அழகுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், காது மட்டும் சிவந்திருந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் நடந்த மேலாண்மைப் பயிற்சியில் சொன்னார்கள், கீழே இருப்பவர்களை முடிவெடுக்கப் பழக்குங்கள் என்று. பழக்குகிறேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

அண்ணன் பேரனுக்கு முதல் நடை விருந்து. வழக்கப்படி காலில் கட்டிய நூலை அறுத்ததும் பயல் நாலடி ஓடி விழுந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, மூன்றரை மணிக்கு, நூராயிமின் போன்.

"டாக்டர், எமிலுக்கு மூச்சுத் திணறுது. உதடு நீலமாயிருச்சு."

"எப்பலேர்ந்து?"

"காலைல பதினொரு மணிலேர்ந்து... கொஞ்சம் கொஞ்சமா..."

நாலரை மணி நேரம்! ஒன்றரை வயதுக் குழந்தை, நிமோனியாவோடு எங்கள் வார்டில் இருந்தவன். ஓடிப்போய் செயற்கை மூச்சுக்குக் குழாய் பொருத்தி, மலைக் கணவாய் தாண்டி மாகாண மருத்துவமனைக்கு அனுப்பினோம். வண்டியில் ஏறும்போது அவன் அம்மா என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நன்றியாம்.

பிப்ரவரி 20

தலைமை மருத்துவர் துராத்பெக் விளக்கக் கடிதம் கேட்டார். எங்களிடம் எது நடந்தாலும் கீழே இருப்பவர் ஒரு விளக்கக் கடிதம் எழுதுவார், அதோடு கோப்பு மூடிவிடும். நூராயிம் ஒரு பக்கம் எழுதி வந்தாள். அதில் ஒரு வரி: "பிரிவுத் தலைவர் திட்டுவார் என்று பயந்து கூப்பிடவில்லை."

"அலுவலகக் காகிதத்துல பயம் கியமெல்லாம் எழுதக் கூடாதும்மா. நடந்ததை மட்டும் எழுது."

"நடந்தது அதுதானே டாக்டர்."

வெற்றுத் தாளை நீட்டினேன். 'உரிய நேரத்தில் தலைவருக்குத் தெரிவிக்கத் தவறினேன்.' வாசகத்தை நானே சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழைய தாளை என் மேசையிலேயே விட்டுப் போனாள். அதைக் கிழிக்காமல் இழுப்பறையில் வைத்தேன். ஏன் கிழிக்கவில்லை?

பிப்ரவரி 22

மூத்த நர்ஸ் சாயிரகான் அக்கா என் தேநீர்க் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி வைத்தாள். பதினாறு வருடமாக எனக்கு இரண்டு மடக்குதான் ஊற்றுவாள், குடிக்கக் குடிக்க மறுபடி ஊற்றுவாள். எங்கள் ஊரில் நிறைந்த கிண்ணம் என்றால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். மற்றவர்கள் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"என்னக்கா, இவ்ளோ?"

"தலைவரம்மாவுக்கு வேலை ஜாஸ்தி. திரும்பத் திரும்ப வாங்கிக் குடிக்க நேரம் ஏது?"

குடித்தேன். நாக்கு சுட்டது.

பிப்ரவரி 25

எமிலுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், தானே மூச்சு விடுகிறான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குழந்தை பிழைத்ததற்கா, நான் தப்பித்ததற்கா? சீ.

மார்ச் 1

உத்தரவு வந்துவிட்டது. நூராயிமுக்குக் கடும் கண்டனம், இன்னொன்று வந்தால் வேலை போகும். பரிந்துரையில் என் கையெழுத்து.

மார்ச் 8

மகளிர் தினம். துலிப் பூ, கேக். "கஷ்டமான நேரத்துல பிரிவைக் கட்டிக் காத்தவங்க" என்று துராத்பெக் என்னைப் புகழ்ந்தார். கைதட்டினார்கள். நூராயிம் கேக்கைத் தொடவில்லை. பல்வலியாம்.

மார்ச் 9

இழுப்பறையைத் திறந்தேன். மூடினேன்.

மார்ச் 13

பழைய தாளையும், என் பெயரில் நானே எழுதிய விளக்கக் கடிதத்தையும் துராத்பெக்கிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"தமிரா ஒஸ்மோனோவ்னா, இதை நீங்களும் பாக்கலை, நானும் பாக்கலை. தலைவருங்களே விளக்கம் எழுத ஆரம்பிச்சா நாளைக்கு உங்களை யார் மதிப்பா?"

"அவ மேல போட்டதை எடுங்க."

"எடுத்தா அந்த இடத்துல ஒரு பேர் வேணும்."

"என் பேரைப் போடுங்க."

பேனாவை உருட்டியபடி, உத்தரவில் பெயரை மாற்ற ஒப்புக்கொண்டார். ஜூனில் பதவிகளை மறுபரிசீலனை செய்யும்போது இது ஞாபகத்தில் இருக்கும் என்றார். இருக்கட்டும்.

மார்ச் 14

ஐந்து நிமிடக் கூட்டத்தில் அவளுடைய முதல் கடிதத்தை வாசித்தேன். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. இதை மாத்தி எழுத வெச்சது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன். கூட்டம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

மனசு லேசாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தால் நூராயிம் நிற்கிறாள்.

"என் கடிதத்தை என்னைக் கேக்காம ஏன் படிச்சீங்க?"

அவளைத் திட்டியதும் நான், எழுத வைத்ததும் நான், காப்பாற்றுவதாகக் கிளம்பியதும் நான். ஒன்றையாவது அவளைக் கேட்டுச் செய்தேனா?

"கேட்டிருக்கணும்" என்றேன். தலையசைத்துவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள். கிண்ணம் இன்றும் நிறையத்தான் வந்தது.

மார்ச் 26, ஞாயிறு

நூராயிமுக்குப் பணி, எனக்கு விடுமுறை. காலை ஒன்பதே காலுக்குக் கூப்பிட்டாள். ஒரு குழந்தை பால் குடிக்க மறுக்கிறதாம். "சொல்லு" என்றேன். பதினொரு மணிக்கு ஒரு காய்ச்சல், முப்பத்தேழு புள்ளி நாலு டிகிரி, லேசானதுதான். மதியம் சாப்பிடும்போது ஒரு சொறி. அது கம்பளிச் சட்டை உரசி வந்த சொறிதான், போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 'ஆறு வருஷம் படிச்சது' என்ற பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

மூன்று முறை கூப்பிட்டாள், மூன்றும் ஒன்றுமில்லாத விஷயம். போனைப் பையில் போடாமல் மேசைமேல் வைத்திருக்கிறேன்.