மூன்று தரம் கழுவிய பார்லி

அன்பான யோகண்ணை,

நீங்கள் உயிரோடு இருந்தபோது நான் உங்களை ஒருநாளும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை. இங்கே வந்து ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் ஒன்றாக இருந்த ஐந்து பேரிலும் நீங்கள்தான் மூத்தவர். என்னைவிட எட்டு வயது கூட. குமாரை அண்ணை என்றேன். அவனுக்கும் மூத்த உங்களை வெறும் யோகன் என்றேன், நீ என்றேன். உங்கள் அப்பா பனையேறிக் கள்ளு இறக்கியவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இதை வெளியில் சொன்னால் பலருக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

வேலைத்தலத்தில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், பிறகு எழும்பவில்லை என்று சொன்னார்கள். நாலு மாதமாகிறது. நாங்கள் நாலு பேரும் செத்தவீட்டுக்கு வந்தோம். 'தங்கமான மனிசன்' என்று குமார் அழுதான். நானும் அழுதேன்.

போன சனிக்கிழமை திரும்பவும் வீட்டிலேயே பியர் போடலாம் என்று குமார் சொன்னான். பியர் காய்ச்சும் சாமான் விற்கிற கடைக்கு நான் போனேன். அந்தக் கடையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருக்கிறார், நிதானமான மனிதர். போனமுறை போட்டது தண்ணீர் மாதிரி வந்தது, ருசியும் இல்லை, நுரையும் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

ஒவ்வொன்றாகக் கேட்டார். எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள்? பத்தொன்பது லீற்றர் என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பால் ஜக்கால் அளந்து அளந்து ஊற்றி, வாளியில் கறுப்பு மையால் நீங்கள் போட்ட கோடு இன்னும் இருக்கிறது. சீனி? ஒரு கிலோ என்றேன். வெறி காணாது என்று குமார் கொட்டியது. கிழவர் தலையை ஆட்டினார். வெள்ளைச் சீனி வெறியை மட்டும்தான் தரும், பியரை இன்னும் மெலியவைக்கும், அதற்குப் பதிலாக மோல்ற் பாணி, முளைத்த பார்லியில் காய்ச்சிய பாகு, விடவேண்டும் என்றார். போத்தலில் எத்தனை நாள் வைத்தீர்கள்? ஐந்து நாள். மூன்று கிழமையாவது பொறுத்திருக்க வேண்டுமாம்.

"ஆனால் இதெல்லாம் சேர்ந்தாலும் இவ்வளவு மோசமாக வராதே. பார்லியை என்ன செய்தாய்?"

"நன்றாகக் கழுவித்தான் போட்டேன். தண்ணீர் தெளியும்வரை மூன்று தரம்."

அவர் சிரிக்கவில்லை. "முளைக்கவைத்து உடைத்த பார்லியை யாரும் கழுவுவதில்லை, பிள்ளை. அந்த மாவுக்குள்தான் இனிப்பு, நிறம், கனம் எல்லாம் இருக்கிறது. உன் பியரை நீ சிங்கிலேயே ஊற்றிவிட்டாய்" என்றார்.

கடை வாசலில் நின்றபோதுதான் அந்தப் பின்னேரம் முழுவதும் ஞாபகம் வந்தது. சிங்கில் தண்ணீர் பழுப்பாக ஓடியது. பிஸ்கற் வாசம் எழும்பியது. நீங்கள் பின்னால் வந்து நின்றீர்கள்.

"தம்பி, பார்லியை ஏன் கழுவுறாய்? வாசம் எல்லாம் போகுதெல்லே."

"அரிசியைக் களையாமலோ உலையில போடுறது? இது கள்ளு இல்லை, பியர். நீ உன்ர வாளியைப் பார்."

நீங்கள் வாளியைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

முதல் போத்தலைத் திறந்த அன்று குமார் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான். "தகப்பன் கள்ளுக்குத் தண்ணி விட்டார், மகன் பியருக்கு விட்டிட்டான்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு உங்கள் கிளாசைக் கழுவிக் கவிழ்த்தீர்கள். அதற்குப் பிறகு உங்கள் பெயரே தண்ணிக்காரன் என்றாயிற்று. மாதம் முடியமுன்னம் பெட்டியைக் கட்டிக்கொண்டு அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்டுக்குப் போய்விட்டீர்கள்.

நான் கழுவியதால்தான் கெட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் எங்களில் யார் நம்பியிருப்போம்? நான் ஓம் என்று ஒத்துக்கொண்டிருப்பேனா?

வேலையில் சூப்பர்வைசர் எங்கள் நிறத்தைச் சொல்லிப் பேசினால், வீட்டுக்கு வந்து விடிய விடியக் கொதிப்போம். அதே வாயால்தான் உங்களை அப்படிச் சொன்னோம். யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் சாதியைக் கடவுச்சீட்டு இல்லாமலே கொண்டுவந்து குளிர்சட்டைக்குள் வைத்திருக்கிறோம்.

கடையிலிருந்து வந்த அன்றே குமாரிடம் சொன்னேன். "பியரைக் கெடுத்தது நான். அவர் சரியாத்தான் அளந்தவர்."

"ஆர் அவர்?"

"யோகண்ணை."

"எப்ப இருந்தடா அண்ணை?" என்று சிரித்தான். "செத்த ஆளுக்கு இப்ப உது என்னத்துக்கு? சும்மா பகிடிக்குத்தானே சொன்னனாங்கள்."

"அவர் சிரிச்சவரோ?"

குமார் ரீவிச் சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

இந்தமுறை பார்லியைக் கழுவவில்லை. துணிப்பையில் கட்டி, கொதிக்காத சுடுநீரில் ஊறவைத்தேன். தண்ணீர் தேயிலைச் சாயம்போல இறங்கியது. நாக்கில் வைத்தால் இனித்தது. சீனி போட நான் விடவில்லை. இப்போது வாளி அலுமாரிக்குள் இருக்கிறது, மெல்லக் குமிழி விடுகிறது. நன்றாக வருமா தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்குச் செய்ததை அது மாற்றாது.

ஆனால் ஒன்று செய்வேன், அண்ணை. போத்தல் திறக்கிற அன்று எல்லோரும் வருவார்கள். ஒரு கிளாஸ்கூட நிரப்பமுன்னம் எழும்பி நின்று, போனமுறை நடந்ததைச் சொல்லுவேன். சிரித்தால், சிரித்து முடியும்வரை நின்று திரும்பவும் சொல்லுவேன். அன்றைக்கு என்னைப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லாமல் விட்டதை, என் வாயால் அவர்கள் கேட்பார்கள்.

உங்கள் தம்பி,
ரமணன்