கீட்டோவில் எனக்கொரு பாண்

ஒக்டோபர் 6
வெங்காய விலை விழுந்துவிட்டது. சந்தைக் கடையில் ஈ ஓட்டுகிறேன். காலையில் ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகள் நிவேதனா கதைத்தாள். எக்குவடோருக்குச் சுற்றுலாப் போகிறாளாம். "மாமா, நீங்கள் அங்கை இருந்தனீங்கள்தானே, என்ன பாக்கலாம் எண்டு சொல்லுங்கோ."

இருந்தேன்தான். கனடா போக வெளிக்கிட்டவனை, களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கீட்டோ நகரத்தில் இறக்கிவிட்டுப் போனான். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தேன். அதை யாரும் சுற்றுலா என்று சொன்னதில்லை.

ஒக்டோபர் 8
குரல் பதிவு அனுப்பினேன். மலைக்கு மேலே நகரம், முதல் இரண்டு நாளும் ஓடித் திரியாதே, மூச்சு வாங்கும். பெரிய தேவாலயத்தை அண்ணாந்து பார், எங்கள் கோவிலில் யாளி நிற்கிற மாதிரி அங்கே ஆமை நிற்கும். பூமத்திய கோட்டில் கால் அகட்டி நின்று படம் எடு. உண்மைக் கோடு கொஞ்சம் தள்ளி என்பார்கள், காதில் போடாதே. உருளைக்கிழங்குச் சூப்பைச் சீஸ் போட்டுக் குடி. சுட்டு வைத்திருப்பது எலியில்லை, கினிப்பன்றி, பயப்படாதே. பின்னேரம் மழை, குடை முக்கியம்.

என் மனைவி ஜெயனி கேட்டுக்கொண்டே நின்றாள். "வீட்டிலை நாலு வார்த்தை கதைக்கப் பஞ்சி. உதுக்கு மட்டும் வாய் மூடேல்லை."

ஒக்டோபர் 9
ரோசா அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஏன்?

ஒக்டோபர் 12
இன்று சொல்லிவிட்டேன். அவரின் பாண் பேக்கரிக்கு மேலேதான் என் அறை. விடியற்காலையில் மா குழைத்துக் கொடுத்தால் வாடகை வேண்டாம் என்றார். "மிஹோ" என்பார் – மகனே என்று. நான் எல்லாவற்றிலும் மிளகாய்த்தூள் போடுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். நான் மறுபடி கனடாவை நோக்கித் தரைவழியே புறப்பட்ட அன்று சூடாறாத பாணைத் துணியில் கட்டித் தந்தார். பனாமாக் காட்டில் ஆறு என் பையைக் கொண்டுபோனது. அவரின் நம்பரும் அதோடு போயிற்று. பிறகு பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போதே எழுபது வயது. இருக்கிறாரா? அந்த நாட்டில் எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

"தேடிப் பாக்கிறன் மாமா. கிடைக்காட்டி மனம் உடையக்கூடாது, ஓமோ?"

ஒக்டோபர் 31
பேக்கரி பூட்டாம். ஞாயிற்றுக்கிழமை மயானத்துக்குப் போனால் காணலாம் என்று அயலில் சொன்னார்களாம். மயானத்திலையோ? ஐயோ, என்ன கதை இது! இவள் ஏன் வடிவாக் கேக்கேல்லை?

நவம்பர் 3
நேற்று விளக்கு வைத்த கையோடு நிவேதனா வீடியோவில் வந்தாள். அங்கே இறந்தவர்களின் நாள், காலை நேரம். கல்லறைகளைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக இருந்து சாப்பிடுகிறார்கள். செத்தவருக்குப் பிடித்ததை வைக்கிறார்கள், எங்கள் படையல்போல. துணியில் பொதிந்த குழந்தை வடிவில் பாண், ஊதா நிறத்தில் ஒரு பழக்கூழ்.

கணவரின் கல்லறையருகே, சக்கர நாற்காலியில் ரோசா அம்மா. உயிரோடு!

கல்லறை மேல் இரண்டு பாண். ஒன்று கணவருக்கு. மற்றதில் மிளகாய்த்தூள் தூவியிருந்தது.

நிவேதனா தன் அரைகுறை ஸ்பானிஷில் விசாரித்தாளாம். காட்டுக்குள் போனவர்களில் ஒருவரும் தப்பவில்லை என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து வருடா வருடம் எனக்குப் படைக்கிறார்.

என்னைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். திரையைத் தடவினார். பிறகு, "மெலிந்து போனாய், மிஹோ" என்றார். என் பாணைப் பிய்த்துப் பாதியை நிவேதனாவுக்குக் கொடுத்தார். "இனி இது படையல் இல்லை, காலைச் சாப்பாடு" என்று மீதியைத் தானே உறைக்க உறைக்கச் சாப்பிட்டார். நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

ஜெயனிக்குத்தான் பதறியது. "உயிரோடை இருக்கிற மனிசனுக்குப் படைக்கிறதோ! விடியக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய்த் தோஷம் கழிய முழுகவேணும்." இன்று காலை போய் முழுகினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள்: "அங்கை போக எங்களுக்கு விசா வேணுமோ?"

நவம்பர் 5
பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தோம். மெலிந்துதான் போயிருக்கிறேன்.