இறந்ததற்கு மறு ஆண்டு திருமணம்

1845 செப்டம்பர் 9, செவ்வாய்

உலர்த்துவதற்காக ஆப்பிள் அரிந்துகொண்டிருந்தேன். வெர்மான்டிலிருந்து என் கணவர் ஜோதமின் அக்கா ஒரு சிறு புத்தகம் அனுப்பியிருந்தாள். அவரையும் சேர்த்து 1817இல் கல்லூரியில் பட்டம் பெற்ற இருபத்தெட்டுப் பேரும் என்ன ஆனார்கள் என்று, அவர்கள் வகுப்புச் செயலர் பாதிரியார் அமாசா ஃபிட்ச் எழுதி அச்சிட்டது. நீதிபதிகள் இருவர், செனட்டர் ஒருவர், பாதிரிகள் ஒன்பது பேர். இறந்தவர் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்.

ஜோதம் வேர் என்ற பெயருக்கு முன்னாலும் நட்சத்திரம்!

ஓரத்தில் அக்கா எழுதியிருந்தாள்: 'நீ செத்துப்போனாயாமே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?' மகள் லோயிஸும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

செப்டம்பர் 11

இன்று நிதானமாகப் படித்தேன். '1828இல் ஒஹாயோவில் காய்ச்சலால் இறந்தார். உயிரோடு இருந்திருந்தால் எங்கள் வகுப்பின் தலைசிறந்த பிரசங்கியாகியிருப்பார்.'

காய்ச்சல் உண்மைதான். வைத்தியர் கைவிட்ட நாளில் அவ்வழியே போன வகுப்புத் தோழர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் செய்தியோடு கிழக்கே போய்விட்டார். என் கணவர் பிழைத்து எழுந்து உட்கார்ந்ததை அங்கே சொல்ல ஆளில்லை.

ஆனால் 1828! எங்கள் திருமணம் 1829 மே மாதம். என்னைப் பார்ப்பதற்கு முன்பே செத்துவிட்டாராம். அப்படியானால் நான் யாரைக் கட்டிக்கொண்டேன்?

"ஒரு கடிதம் எழுதிப் போடுங்க" என்றேன். "பாக்கலாம்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

லோயிஸுக்கு வாயில் எதுவும் தங்காது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் திருமதி பாஸ்கம் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா கெசையா, புருஷன் போய் பதினேழு வருஷமாச்சாமே. துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தக் காணோமே?" என்றாள். "துணி வாங்கித் தர ஆளில்லம்மா, செத்துட்டாரே!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் எடுத்து வைத்துக்கொண்டார். எழுதினீர்களா என்று கேட்டேன்.

"அது அப்படியே இருக்கட்டும், கெசையா."

"ஏன்?"

"செத்தவன் நல்லாப் பிரசங்கம் பண்ணியிருப்பான். உசுரோட இருக்கறவன் பிரசங்க மேடையில ரெண்டு ஞாயித்துக்கிழமை வாயடைச்சு நின்னான். அவங்களுக்கு எது தெரியணும்?"



செப்டம்பர் 15

அவர் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போனவர் இருட்டிய பிறகே வந்தார். சோப்பு காய்ச்சினேன், அதுவும் கட்டியாகவில்லை.

செப்டம்பர் 18

கொட்டித் தீர்த்துவிட்டேன். "உங்களுக்கு அந்தச் செத்தவன் ஒசத்தி. அப்ப நான் ஒண்ணுமில்ல, லோயிஸ் பொறக்கல, மேப்பிள் மரத்தடியில பொதைச்சோமே நம்ம புள்ள எபன், அவனும் பொறக்கவேயில்ல, அப்படித்தானே?"

முகம் வெளுத்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். எபன் பெயரை இழுத்திருக்கக் கூடாது. ஏன் இழுத்தேன்? வேறு எதைச் சொன்னாலும் அவர் சிரித்து மழுப்பியிருப்பார் — அதனால்தான்.

செப்டம்பர் 22

ஃபிட்ச் பாதிரியாருக்கு நானே எழுதிவிட்டேன். என் கணவர் உயிரோடிருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள், நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று. பிரசங்க மேடை விஷயத்தை எழுதவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

அக்டோபர் 5

நான் செய்தது துரோகமா? அவர் கொல்லையில் விறகு பிளக்கிறார். எனக்குத் தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சின்னதாகவே பிளக்கிறார், பதினாறு வருஷமாக. இந்த மனுஷனை அந்தப் புத்தகத்தில் உள்ள யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அது போதாதா? போதவில்லையே.

அக்டோபர் 30, வியாழன்

மதியம் அவர் தபால் நிலையத்திலிருந்து வந்தார். பிரித்த கடிதம் ஒன்றை என் மாவுக் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனார். ஃபிட்ச் பாதிரியார் எழுதியது:

'அன்புள்ள ஜோதம், உன் கடிதமும் உன் மனைவியின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. மற்றவருக்குத் தெரிய வேண்டாம் என்று இருவருமே கேட்டிருக்கிறீர்கள். ஒரே வீட்டின் இரண்டு இரகசியங்களைக் காக்க இந்தக் கிழவனுக்குத் தெம்பில்லை. நீ எழுதித் தந்ததை அப்படியே அச்சிடப்போகிறேன். பிழை இருந்தால் சொல்.'

கீழே, என் கணவர் எழுதித் தந்தது:

'ஜோதம் வேர். பிரசங்கம் செய்ய முயன்றார்; முடியவில்லை. 1829இல் கெசையா டோட் என்பவரை மணந்தார். மகள் லோயிஸ். மகன் எபன், ஐந்து மாதம் வாழ்ந்தான். ஒஹாயோவில் ஆப்பிள் வளர்க்கிறார். மகிழ்ச்சியாக இருக்கிறார்.'

முயன்றார், முடியவில்லை. வகுப்பே படிக்கப்போகும் புத்தகத்தில்! நீதிபதிகளும் செனட்டரும் படிக்கப்போகிறார்கள். என் பெயரைப் படித்தபோது அழவில்லை. எபனிடம் வந்தபோதுதான் எழுத்துத் தெரியாமல் போயிற்று.

கையைக் கூடக் கழுவாமல் கொட்டிலுக்குப் போனேன். அவர் பசுவுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அஞ்சு மாசந்தானே? உன்னைக் கேக்க முடியல. தப்பா எழுதிட்டேனோன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

"அஞ்சு மாசம், ரெண்டு நாள்" என்றேன்.

"ரெண்டு நாளா?" வைக்கோலைக் கீழே போட்டுவிட்டார். "அப்ப உடனே திருத்தணும்."

சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த இரண்டு நாளுக்காக ஃபிட்ச் பாதிரியாருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கீழே இருவருமே கையெழுத்துப் போட்டோம்.