துப்பட்டாவில் ஆரஞ்சுக் கறை

ஜூலை 8, செவ்வாய்

செம்பூர் லேபில் இன்றும் கல்லீரல் செல்களுக்கு ரிஃபாம்பிசின் ஊற்றினேன். டிபிக்குக் கொடுக்கிற அதே மருந்து. செல்லுக்குள் பிஎக்ஸ்ஆர் என்று ஒரு புரதம் இருக்கிறது. மருந்து அதில் ஒட்டியதும் அது மரபணுவை முடுக்கிவிடும். மருந்துகளை உடைக்கிற நொதி பெருகும். எண்கள் நன்றாகவே வந்தன.

வீட்டுக்கு வந்தால் வயிற்றெரிச்சல். ரீனா அக்காவுக்குச் செயற்கை இதய வால்வு, ரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் டெஸ்டில் ரிசல்ட் மூன்று வர வேண்டும், ஒன்றரைதான். போன தடவை டோஸைக் கூட்டியும்! வால்வில் ரத்தம் கட்டினால் ஆளே போச்சு. "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறதில்ல" என்று இதய டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்கிறார்.

ஜூலை 11

"ஒருநாளும் விட்டதில்லட்டி" என்கிறாள் அக்கா. பொய். ரத்தமா பொய் சொல்லும்?

ஜூலை 13, ஞாயிறு

கோயில் விட்டு வந்ததும் கத்திவிட்டேன். "சாவணும்னா சொல்லிட்டுச் சாவு." அக்கா வெள்ளைத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். துணியில் லேசாக ஆரஞ்சுக் கறை.

அந்த நிறம் எனக்குத் தெரியும். தினமும் என் கிளவுஸில் படிகிற ரிஃபாம்பிசின் நிறம்; அதைச் சாப்பிடுகிறவர்களின் கண்ணீரிலும் இறங்கும்.

"டிபி மாத்திர எத்தன மாசமா போடுத?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

அக்காவுக்குக் கழுத்துக் கட்டியில் டிபி, அம்மா ஒத்துக்கொண்டாள். சீத்தா கேம்பில் இருக்கிற சித்தி வீட்டு விலாசம் கொடுத்து அங்கே மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். இதய டாக்டரிடம் மூச்சு விடவில்லை. அந்த இதய டாக்டரிடம் இருக்கிற நர்ஸ் நம்ம சபையாம், கோபர்கைரனேயில் எனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமாம். என் கல்யாணத்துக்காக — என்னிடமும் மறைத்து!

"ஏட்டி ரெபேக்கா, ஒனக்குச் சொன்னா வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பியா?" என்கிறாள் அம்மா.

இருக்க மாட்டேன்தான். தினமும் நான் லேபில் பார்க்கிறது அக்கா கல்லீரலில் நடந்திருக்கிறது. வார்ஃபரினை முழுங்க முழுங்க, டிபி மருந்து பெருக்கிய நொதி உடைத்துத் தள்ளியிருக்கிறது. நானும் அவளைத்தான் திட்டியிருக்கிறேன்.

ஜூலை 14

லீவு போட்டு அக்காவை இதய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த நர்ஸ் நிற்கும்போதே, அக்கா டிபி மருந்து சாப்பிடுகிறாள் என்று சத்தமாகச் சொன்னேன்.

"முதல்லயே சொல்ல வேண்டாமா?" என்றார் டாக்டர்.

"நீங்க கேட்டீங்களா?"

ரத்தம் கட்டாமலிருக்க ஊசி. வார்ஃபரின் கூடுதல் டோஸ். வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. டிபி மருந்து முடிந்ததும் நொதி இறங்கிவிடும், அப்போது டோஸைக் குறைக்காவிட்டால் ரத்தம் கொட்டும் என்று அக்காவுக்கும் புரிய வைத்தேன்.

ஜூலை 19

மாப்பிள்ளை ஜாபெஸின் அம்மா போன். நானே எடுத்தேன். "ஆமா, அக்காவுக்கு டிபி. கழுத்துல. தொத்தாது, மருந்து சாப்பிடுதா."

"யோசிச்சுச் சொல்றோம்."

யோசிங்க. நல்லா யோசிங்க.

ஜூலை 22

அம்மா என்னோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் 5

அக்காவின் ரத்த ரிசல்ட் 2.8.

கோபர்கைரனேயிலிருந்து போன் இல்லை. அம்மா இன்னும் பேசவில்லை. ஆனால் காலையில் பார்த்தேன் — டிவி பக்கத்தில், வாசலில் நுழைகிற யார் கண்ணிலும் படுகிற மாதிரி, அக்காவின் டிபி மாத்திரை, வார்ஃபரின் ரெண்டு அட்டையையும் அம்மா சேர்த்து வைத்திருந்தாள். கூடவே ஒரு டம்ளர் தண்ணீர்.